முட்டை மட்டுமா காரணம்?

117 வயது வரை வாழ்ந்த இத்தாலியப் பாட்டி எம்மா மொரானோவை அறிவீர்களா? 1899ல் பிறந்து 2017ல் காலமானவர். இளவயதில் இரத்தசோகைக்கு வைத்தியர் சொன்னபடி தினமும் மூன்று முட்டை சாப்பிட்டு வந்தாராம். அதில் இரண்டு பச்சையாக!

வெள்ளவத்தையில் நான் யாரிடம் சொன்னாலும் முட்டையையே பிடித்துக்கொள்கிறார்கள். ஒரே மகனை 1937ல் ஆறு மாதக் குழந்தையாகப் பறிகொடுத்ததையோ, கொடுமை செய்த கணவரை அடுத்த வருடமே பிரிந்ததையோ கேட்பாரில்லை. யாருக்கும் அடங்கிக் கிடக்கப் பிடிக்காமல் மறுமணமும் செய்யவில்லை. சணல் ஆலையிலும், பின்பு ஒரு பாடசாலைச் சமையலறையிலுமாக 75 வயது வரை உழைத்தார்.

கொட்டாஞ்சேனையில் தையல் மெஷினை மிதித்தே ஐந்து பிள்ளைகளை ஆளாக்கிய என் உம்மம்மா மட்டும் கேட்டார்: "முட்டைய உடுங்க மகள், அவட வீட்டு வாடகைய ஆரு கட்டினது?"