‘வா’வும் ‘வாயோ’வும்

குந்தாரப்பள்ளியிலிருந்து எத்திசை சென்றாலும் கொரியா! நகைக்க வேண்டாம், தோழர்களே! ஊரை ஒட்டி ஓடும் நெடுஞ்சாலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஓசூரைக் கடந்து, பெங்களூரைத் தாண்டி, வடக்கே அதே சாலையில் சென்றால், ஆந்திர மண்ணிலே பெனுகொண்டாவுக்கு அருகில் நிற்கிறது கியா கார்த் தொழிற்சாலை. 2019-ல் உற்பத்தியைத் தொடங்கியது. எதிர்ப்புறம் திரும்பி, கிருஷ்ணகிரியில் சென்னைச் சாலையைப் பிடித்தால், வேலூருக்கும் அப்பால் திருப்பெரும்புதூர் வட்டாரம். 1996-ல் நிறுவப்பட்ட ஹூண்டாய் இந்திய நிறுவனம், அங்கே இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் தன் முதல் காரை வெளியிட்டது. சாம்சங் 2007-ல் வந்தது. பெரிய மரத்தைச் சுற்றிச் செடிகள் முளைப்பதுபோல, அவற்றுக்கு உதிரிப் பாகங்கள் செய்து கொடுக்கும் ஆலைகள் பல முளைத்தன. இரு திக்கிலும் நம் பிள்ளைகள் பேருந்து ஏறிப் போகின்றனர். பையிலே சான்றிதழ், நெஞ்சிலே நம்பிக்கை, நாவிலே தமிழ், கொஞ்சம் தெலுங்கு, கொஞ்சம் கன்னடம்.

மூன்று மொழிகளா என்று வெளியூர்த் தோழர்கள் வியக்கக்கூடும். இது எல்லைப்புறம். வெள்ளிக்கிழமை கூடும் குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு வந்து பாருங்கள். பள்ளிக்கூட வாசலை மிதித்தறியாத முதியவர், ஆந்திர வியாபாரியிடம் தெலுங்கில் விலை பேசுவார். கன்னடத்தில் மாட்டின் பல்லைப் பற்றிச் சண்டையிடுவார். தமிழிலே தம் மகனைத் திட்டுவார். வாயால் பேசாத நான்காவது மொழி ஒன்றும் மாட்டுச் சந்தைகளில் உண்டு. துண்டுக்குள்ளே கைவிட்டு, விரலைப் பிடித்து விலை சொல்லும் மொழி! அந்த விரல்மொழி அறியாதவன் மாட்டுக்கு உரியவனாகவே இருந்தாலும், துண்டுக்கு வெளியே நின்று தரகனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிழைப்புக்காக மொழி கற்பது இங்கே புதிதன்று. இப்போது துண்டு மாறியிருக்கிறது; அவ்வளவே.

நம்மிடம் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த பெண்ணொருத்தி, திருப்பெரும்புதூருக்கு அருகில் கொரியர் நடத்தும் ஓர் உதிரிப்பாக ஆலையில் பணிபுரிகிறாள். முதல் மாத விடுமுறையில் ஊருக்கு வந்தவளிடம், “என்ன பேசுகிறார்கள் அந்த ஊர்க்காரர்கள்?” என்று தாய் கேட்டாள். “எப்போதும் ‘பல்லி பல்லி’ என்கிறார்கள்” என்றாள் மகள். தாய் உடனே சுவரைப் பார்த்தாள்! பல்லி சொல்லுக்குப் பலன் பார்த்துப் பழகிய நாடு அல்லவா? எந்தத் திசையில் சொன்னது, எந்த நாளில் சொன்னது என்று பஞ்சாங்கத்தைப் புரட்டாததுதான் குறை. கொரிய மொழியில் அச்சொல்லுக்கு ‘விரைவு, விரைவு’ என்று பொருள். பலன் என்னவோ உண்டுதான். கன்வேயரின் வேகம் கூடும்!

அடுத்த முறை வந்தபோது அவள் ஒரு செய்தி சொன்னாள். லைன் லீடர் பதவிக்கு ஆள் எடுக்கும்போது, கொரியச் சொற்கள் ஓரளவேனும் தெரிந்தவர்க்கே முதலிடம் தருகிறார்களாம். தமிழ் எழுத்தில் அச்சிட்ட சிறு நூல் ஒன்றை வாங்கி, இரவு ஷிப்டு முடிந்தபின் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். “நீங்களும் சேர்ந்து படியுங்களேன், சார்! தனியாகப் படித்தால் தூக்கம் வருகிறது” என்றாள். நாம் கல்லூரியில் பயின்றது வரலாறு. மொழியியலுக்கும் நமக்கும் காத தூரம். எனினும் ஞாயிறு தோறும் கைப்பேசி வழியே ஒருமணி நேரம் இருவரும் படிக்கத் தொடங்கினோம்.

முதல் வாரத்திலேயே அந்தச் சிறு நூல் காலை வாரிவிட்டது. அதில் ‘புல்’ என்று ஒரு சொல். பொருள் நெருப்பு. மூன்று பக்கம் தள்ளி மீண்டும் ‘புல்’. பொருள் புல்லேதான்! இன்னும் தள்ளி மற்றொரு ‘புல்’. அது மாட்டின் கொம்பாம்! மூச்சைத் தள்ளி ஒலித்தால் புல். மூச்சுக் காற்று மிகாமல் இளக்கமாக ஒலித்தால் நெருப்பு. தொண்டையை இறுக்கி ஒலித்தால் கொம்பு. மூன்றையும் பிரித்துக் காட்டத் தமிழ் எழுத்தில் இடமில்லை. ஆலைக்குள்ளே ஒருவர் ‘நெருப்பு’ என்று கத்தும்போது, புல்லோ கொம்போ என்று நின்று யோசிக்க முடியுமா? எனவே அவர்களுடைய எழுத்தையே கற்பது என்று முடிவு செய்தோம்.

அந்த எழுத்தின் கதை, ஒவ்வொரு பகுத்தறிவு இளைஞனும் அறிந்திருக்க வேண்டிய கதை. பதினைந்தாம் நூற்றாண்டு வரை கொரியர் தம் மொழியைச் சீன எழுத்தைக் கொண்டே எழுதினர். ஆயிரக்கணக்கான குறிகள்! உழுபவனுக்கும் நெய்பவனுக்கும் அவற்றைக் கற்க நேரம் ஏது? சேஜோங் என்னும் மன்னர் 1443-ல் இருபத்தெட்டு எழுத்துகளை வகுத்து, 1446-ல் நாட்டுக்கு அளித்தார். நாக்கும் உதடும் பல்லும் தொண்டையும் ஒலிக்கும்போது கொள்ளும் வடிவமே மெய்யெழுத்தின் வடிவம். ஒலி பிறக்கும் இடத்தைத் தொல்காப்பியப் பிறப்பியலில் படித்தவர்க்கு இது இனிக்கும். ஆண்டவன் அருளினான் என்று கதை கட்டவில்லை. இன்ன காரணத்தால் இன்ன வடிவம் என்று விளக்கமும் எழுதி வைத்தார்கள். புலவர் கூட்டம் மகிழ்ந்ததா? இல்லை! சோ மன்-ரி என்னும் அறிஞர் தலைமையில் 1444-ல் எதிர்ப்பு விண்ணப்பம் கொடுத்தனர். சீன எழுத்தை விட்டால் காட்டுமிராண்டிகள் ஆகிவிடுவோம் என்று அஞ்சினர். அரசு ஆவணங்களில் அந்த எழுத்து ஏற 1894 வரை காத்திருக்க நேர்ந்தது. இங்கே பெரியார் 1935-ல் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தம் ஏட்டில் நடைமுறைப்படுத்தினார். அரசு ஆணை வந்ததோ 1978-ல். எழுத்தை எளிதாக்குபவன் எந்த நாட்டிலும் காத்திருக்கத்தான் வேண்டும் போலும்.

இருபத்தெட்டில் நான்கு மறைந்து, அடிப்படை எழுத்துகள் இன்று இருபத்து நான்கு. ஒரு வாரத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்க வந்துவிட்டது. தமிழனுக்கு இதிலே ஒரு சலுகையும் உண்டு. நம் ‘க’, ‘கல்’லில் ஒருவாறும் ‘தங்க’த்தில் வேறுவாறும் ஒலிக்கிறது அல்லவா? அவர்களுடைய ககரமும் சொல்லின் முதலில் ஒன்றாகவும், இரு உயிர்களுக்கு இடையில் வேறாகவும் ஒலிக்கிறது.

வாக்கியமோ இன்னும் வியப்பு. ‘நானுன் கோங்ஜாங் எசொ இல் ஹேயோ’ என்றால், நான் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ‘நா’ நான், ‘கோங்ஜாங்’ தொழிற்சாலை, ‘எசொ’ இல், ‘இல்’ வேலை, ‘ஹேயோ’ செய்கிறேன். ஒரு சொல்லையும் இடம் மாற்ற வேண்டியதில்லை. வினை இறுதியில், உருபு பெயருக்குப் பின்னால். ஆங்கிலம் கற்கும்போது வாக்கியத்தைத் தலைகீழாக்கித் தடுமாறிய அதே பெண், இங்கே தடுமாறவில்லை.

இந்த ஒற்றுமையைக் கண்டதும் சிலருக்குத் தலை சுழலத் தொடங்கிவிடுகிறது. அம்மாவை அவர்கள் ‘ஒம்மா’ என்கிறார்கள், அப்பாவை ‘அப்பா’ என்கிறார்கள். ஆகவே கொரியர் நம் வழித்தோன்றல்கள் என்று மேடையிலே முழங்குகின்றனர். ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் 1905-ல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூல் வெளியிட்டது உண்மை. ஆனால், இன்றைய மொழியியலார் அந்த உறவை ஏற்கவில்லை. குழந்தை முதலில் எழுப்பும் ஒலிகளை ஒட்டிப் பிறந்த தாய்ப் பெயரும் தந்தைப் பெயரும் உறவுக்குச் சான்றாகா. அயுத்தா நாட்டு இளவரசி கடல் கடந்து போய்க் கொரிய மன்னனை மணந்தாள் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டு நூலொன்று கூறுகிறது; மணம் நடந்ததாகச் சொல்லப்படும் காலமோ முதல் நூற்றாண்டு! அவ்விளவரசிக்கு அயோத்தியில் 2001-ல் நினைவிடமும் எழுப்பிவிட்டனர். அது அயோத்தி அன்று, எங்கள் குமரி என்று இங்கே சிலர் வழக்காடுகின்றனர். புராணத்தை மறுப்பதற்குப் பதிலாக அதில் பங்கு கேட்பதா? நமக்கு இளவரசி வேண்டாம், இலக்கணம் போதும்.

“இந்தித் திணிப்பை எதிர்த்த நாம் கொரியத்துக்குக் கும்பிடு போடலாமா?” என்று ஒரு நண்பர் கேட்டார். சட்டம் போட்டுப் பள்ளிப் பிள்ளையின் தலையில் ஏற்றுவதும், வயது வந்த பெண் தன் உயர்வை எண்ணித் தானே கற்பதும் ஒன்றாகுமா? இந்த வேறுபாட்டைக் கொரியனிடமே கேட்டுக்கொள்ளலாம். 1910 முதல் 1945 வரை ஜப்பானின் பிடியில் கிடந்தபோது, பள்ளியிலே தாய்மொழி ஒடுக்கப்பட்டதையும், 1942-ல் அகராதி தொகுத்துக்கொண்டிருந்த மொழிச் சங்கத்தார் சிறைக்கு இழுக்கப்பட்டதையும் அவன் மறக்கவில்லை.

நம் கவலை வேறு. எந்தச் சொற்களைக் கற்பது? அவள் பட்டியலில் முதலில் இருந்தவை எவை தெரியுமா? விரைவு. மீண்டும் செய். பழுது. மன்னியுங்கள். சரி. நன்றி. கட்டளைக்குக் கீழ்ப்படிய இவை போதும். ஒருவேளை லைன் லீடர் ஆகவும் போதும். நாம் மேலும் சில சேர்த்தோம். ‘வீஹொம்’, அபாயம். ‘ஆன்ஜொன்’, பாதுகாப்பு. ‘வொல்குப்’, மாதச் சம்பளம். ‘ஹ்யூகா’, விடுப்பு. ‘கேயாக்சொ’, ஒப்பந்தப் பத்திரம். ‘நோதோங் ஜோஹாப்’, தொழிற்சங்கம். கடைசிச் சொல்லைக் கேட்டதும் மறுமுனையில் சிறிது அமைதி. “இதைச் சொன்னால் வேலை போய்விடுமே, சார்!” சொல்ல வேண்டாம், பிறர் சொல்லும்போது புரிந்தால் போதும் என்றோம். 2024 செப்டம்பரில் திருப்பெரும்புதூர்ச் சாம்சங் தொழிலாளர் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்ததும், மறு ஆண்டு அவர்கள் சங்கம் பதிவானதும் அவளுக்குத் தெரிந்த செய்திகளே.

அவளுக்கு நாம் சொன்னது சோன் தே-இல் என்னும் இளைஞனின் வரலாறு. சியோல் நகரின் சந்தையொன்றில் துணி தைக்கும் தொழிலாளி. சிறுமிகள் காற்றில்லா அறையில் இரவு பகலாகத் தைத்து நோயுறுவதைக் கண்டான். தொழிலாளரைக் காக்கச் சட்டம் இருக்கிறது என்று கேள்வியுற்று, அந்நூலை வாங்கினான். அதிலோ சீன எழுத்துகள் மண்டிக் கிடந்தன! சேஜோங் எழுத்துத் தந்து ஐந்து நூற்றாண்டுக்குப் பிறகும், ஏழையைக் காக்கும் சட்டத்தை ஏழையால் படிக்க இயலவில்லை. கல்லூரியில் படித்த நண்பன் ஒருவன் இருந்தால் பொருள் கேட்கலாமே என்று ஏங்கினான். 1970 நவம்பர் 13 அன்று, அச்சட்டத்தைச் செயற்படுத்தக் கோரித் தன்னைத் தீக்கு இரையாக்கிக்கொண்டான். வயது இருபத்திரண்டு. கொரியத் தொழிலாளர் இயக்கம் அவன் பெயரை இன்றும் சொல்கிறது. பட்டப்படிப்பை வைத்துக்கொண்டு ஊரில் உட்கார்ந்திருக்கும் நம் போன்றோர், அவன் தேடிய நண்பன் யார் என்று யோசிக்கலாம்.

இனி ‘வா’வுக்கு வருவோம். கொரியத்தில் ‘வா’ என்றால் ‘வா’தான். ஆலையில் மேலாளர் ‘வா’ என்று அழைத்தபோது, நம் மொழியைக் கற்றுக்கொண்டார் என்று இவள் மகிழ்ந்திருக்கிறாள்! ஆனால் மரியாதையாக அழைக்க வேண்டுமானால் ‘வாயோ’ என்பார்கள். பெரியவரிடம் அதைவிடவும் உயர்ந்த வடிவம் உண்டு. வினையின் வாலில் ‘யோ’ இருந்தால் மதிப்பு. வால் அறுந்தால் தோழனிடமோ சிறுவனிடமோ பேசும் பேச்சு. இதை அறிந்த மறுவாரம் அவள் கணக்கெடுத்தாள். கொரியர் ஒருவரை ஒருவர் அழைக்கையில் ‘யோ’ இருந்தது. தமிழ்ப் பொறியாளரிடம் பேசுகையில் இருந்தது. வரிசையில் நிற்கும் பெண்களிடம் மட்டும் இல்லை. இத்தனை மாதமும் காதில் விழுந்தது, மனத்தில் தைக்கவில்லை. “தெரியாமலே இருந்திருக்கலாம், சார்” என்றாள்.

அப்படியா? நம் பக்கத்துச் சிற்றூர்களில், நரைத்த தலையுடன் நிற்கும் கூலியாளரை, பால் மணம் மாறாத பண்ணையார் வீட்டுப் பிள்ளை ‘வாடா’ என்று அழைத்த காலத்தை, அதை இயல்பென்று ஊர் ஏற்றுக்கொண்ட காலத்தை, நாம் கேட்டல்ல, கண்டே வளர்ந்தோம். இன்றும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. அவளுடைய தாத்தா அப்படி அழைக்கப்பட்டவர். அவர் மொழியில் அவருக்கு இருந்த சொல் அது ஒன்றே. எதிர்ச்சொல் பேச இடமில்லை. பேத்திக்கு இருக்கிறது. ‘வேயோ?’ என்பது அச்சொல். ‘ஏன்?’ என்று பொருள். தானும் மதிப்போடு கேட்கும் வடிவம். மேலாளர் ‘மீண்டும் செய்’ என்றபோது, ஒருநாள் அவள் ‘வேயோ?’ என்றாள். அவர் திகைத்து, அளவுகோலை எடுத்து, எங்கே பிசகு என்று காட்டினாராம். காட்டும்போது ‘யோ’ வந்ததா என்று கேட்டோம். “இரண்டு முறை வந்தது, மூன்றாம் முறை மறந்துவிட்டார்” என்று சிரித்தாள்.

கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கொரிய ஆலைகள் நடக்கும் மண் இது. தொழிலாளி மட்டுமா மொழி கற்க வேண்டும்? சந்தையில் வாங்குபவனும் விற்பவனும் இருவருமே ஒருவர் மொழியை ஒருவர் கற்கின்றனர். ‘வாங்க’ என்னும் ஒரு சொல்லை மேலாளருக்கும் பயிற்சியில் சேர்த்தால் என்ன கெட்டுவிடும்?

ஒரு எச்சரிக்கையும் இங்கே வேண்டும். கொரியம் படித்தால் கொரியாவுக்கே தொழிலாளியாக அனுப்புவோம் என்று தரகர் சிலர் பணம் பறிக்கக்கூடும். கொரிய அரசு 2004-ல் தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தில் இலங்கை உண்டு, நேபாளம் உண்டு. இலங்கை இளைஞர் அதற்கென்றே மொழித் தேர்வு எழுதுகின்றனர். இந்தியா அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. முன்பணம் கேட்பவனிடம் இதைச் சொல்லுங்கள்.

அவள் எழுதவிருப்பது டோபிக் என்னும் பொதுத் தேர்வின் தொடக்க நிலை. கேட்டல் முப்பது வினா, படித்தல் நாற்பது, மதிப்பெண் இருநூறு. எண்பது பெற்றால் முதல் படி, நூற்று நாற்பது பெற்றால் இரண்டாம் படி. இப்போது எண்களில் நிற்கிறோம். மணிக்கு ஒருவகை எண், நிமிடத்துக்கு வேறுவகை. மூன்றரை மணி என்பதற்குள் இரண்டு கணக்கும் கலந்துவிடுகின்றன. அவர்கள் பத்தாயிரத்தை ஓர் அலகாகக் கொண்டு எண்ணுவதால், நம் ஒரு லட்சம் அவர்களுக்குப் பத்துப் பத்தாயிரம். சென்ற ஞாயிறு தன் சம்பளச் சீட்டை வைத்துக்கொண்டு, மிகைநேர ஊதியத்தைக் கொரிய எண்ணில் கூட்டிப் பார்த்தாள். இரண்டு மணி நேரம் குறைகிறது என்றாள். தமிழில் ஒருமுறை கூட்டச் சொன்னோம். அப்போதும் இரண்டு மணி நேரம் குறைந்தது. திங்களன்று அலுவலகத்தில் கேட்பதாகச் சொல்லியிருக்கிறாள்.