ஒரு வரியை மாத்தினா பறக்குது

அடையார் பக்கம் போறவங்க எத்தனை பேர் கவனிச்சிருப்பீங்கன்னு தெரியல. கோட்டூர்புரத்துல பிர்லா கோளரங்கம் இருக்கற பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்துல ஒரு நிஜமான போர் விமானம் நிக்குது. ஸ்கூல் டூர் போனப்ப அது முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டவங்க நம்மள்ல நிறைய பேர் இருப்போம். பேரு மாருத், எச்.எஃப்-24. இந்தியாவுலயே வடிவமைச்சு, பெங்களூர் எச்.ஏ.எல்-ல கட்டின முதல் ஜெட் போர் விமானம்.

இந்தப் பதிவு அதைப் பத்தி தான். ஆனா இத்தாலி வழியா சுத்திக்கிட்டு தான் வரணும். கொஞ்சம் பொறுமை மக்களே.

பகல் முழுக்க ஆணி புடுங்கிட்டு வந்து ராத்திரி நான் உக்காரறது ஃப்ளைட் சிமுலேட்டர் முன்னாடி. ரிச்சி ஸ்ட்ரீட்ல பேரம் பேசி வாங்கின ஜாய்ஸ்டிக். அம்மா பாஷைல சொன்னா, "பொட்டி முன்னாடி உக்காந்து கம்பியை ஆட்டிண்டிருக்கான்".

இந்த உலகத்துல இத்தாலிக்காரங்க தனி ரகம். அவங்க நாட்டுப் பழைய ராணுவ விமானம் ஒண்ணு விடாம கம்ப்யூட்டர்ல திரும்பக் கட்டிடறாங்க. சிம் ஸ்கங்க் ஒர்க்ஸ்னு ஒரு குழு ஜி.91, எஃப்-104எஸ் எல்லாம் செஞ்சு குடுத்திருக்கு. இத்தாலிய விமானப்படையோட சாகசக் குழு பேரு ஃப்ரெச்சே ட்ரிகொலோரி. அதோட ரசிகர்கள் சில பேர் சேர்ந்து அந்தக் குழு ஓட்டற எம்பி-339 விமானத்தை டிசிஎஸ் சிமுலேட்டருக்கு இலவசமா செஞ்சாங்க. அது அப்புறம் இண்டியாஃபாக்ஸ்ட்எக்கோங்கற இத்தாலியக் கம்பெனி மூலமா 2022-ல அதிகாரபூர்வமா வந்துச்சு. (பேர்ல இந்தியா இருக்கேன்னு சந்தோஷப்படாதீங்க. ரேடியோவுல 'ஐ'ங்கற எழுத்துக்கு விமானிங்க சொல்ற வார்த்தை அது :-))

அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஃபியட் ஜி.91. 1956-ல முதல்ல பறந்த சின்ன விமானம். அதோட இஞ்சின் பேரைப் பாத்ததும் தான் எனக்குப் பொறி தட்டிச்சு. பிரிஸ்டல் ஆர்ஃபியஸ். 1965 போர்ல பாகிஸ்தானோட சேபர் விமானங்களுக்குத் தண்ணி காட்டின நம்ம நாட் விமானத்துல இருந்ததும் ஆர்ஃபியஸ் தான். கோட்டூர்புரத்துல நிக்கற மாருத்லயும் அதே ஆர்ஃபியஸ், ரெண்டு. லைசென்ஸ் வாங்கி பெங்களூர்லயே செஞ்சது.

இப்ப ஒரு சின்ன கணக்கு. ஜி.91 கிளம்பறப்ப அதிகபட்ச எடை சுமார் 5,500 கிலோ, இஞ்சின் ஒண்ணு. மாருத் சுமார் 10,900 கிலோ, இஞ்சின் ரெண்டு. ஆக, ஒரு இஞ்சின் தலையில ஏறற பாரம் கிட்டத்தட்ட ஒண்ணே தான். ஆனா ஜி.91 ஒலி வேகத்துக்குக் கீழ பறக்கத்தான் செஞ்சது. மாருத் ஒலி வேகத்தைத் தாண்டிப் பறக்கணும்னு செஞ்சது.

அதை வடிவமைச்சவர் கர்ட் டேங்க். இரண்டாம் உலகப் போர்ல பேர் வாங்கின ஃபோக்க வுல்ஃப் 190 அவர் கைவேலை தான். 1956-ல பெங்களூர் வந்தார். சிமுலேட்டர் எல்லாம் இல்லாத காலம். என்ன செஞ்சாங்க தெரியுமா? முழு அளவுல மரத்துலயே ஒரு மாருத் கட்டி, இஞ்சின் இல்லாத கிளைடரா இன்னொரு விமானத்துல கட்டி இழுத்து, 1959-60-ல 78 தடவை பறந்து பாத்தாங்க. அவங்களோட சிமுலேட்டர் அந்த மரக்கட்டை தான்.

1961 ஜூன் 17 அன்னிக்கு சுரஞ்சன் தாஸ் நிஜ மாருத்தை முதல்ல ஓட்டினார். ஆனா டேங்க் மனசுல வெச்சிருந்த இஞ்சின் வேற. ஆஃப்டர்பர்னரோட 3,700 கிலோ உந்துவிசை குடுக்கற ஆர்ஃபியஸ் 12. அதுக்குப் பணம் போட பிரிட்டன் அரசாங்கம் மாட்டேன்னுடுச்சு, நாமளும் போடல. கடைசில கிடைச்சது 2,200 கிலோ தர்ற ஆர்ஃபியஸ் 703. எகிப்து இஞ்சின் வரைக்கும் முயற்சி பண்ணிப் பாத்தாச்சு, எதுவும் தேறல. ஆஃப்டர்பர்னர் வெச்ச மாருத்தைச் சோதிக்கப் போய் 1970 ஜனவரி 10 அன்னிக்கு சுரஞ்சன் தாஸ் உயிரையே விட்டார். இவ்வளவுக்கும் அப்புறம் 1971 போர்ல பாலைவனப் பக்கம் மாருத் நல்லாவே வேலை செஞ்சது. ஒரு இஞ்சின் அடிபட்டு, இன்னொண்ணுல வீடு வந்து சேர்ந்த மாருத்தும் உண்டு. மொத்தம் கட்டினது 147.

சரி, இத்தாலிக்காரன் செய்யறான், நாம செஞ்சா என்னன்னு ஃப்ளைட்கியர்ல இறங்கிட்டேன். இலவச சிமுலேட்டர், உள்ள என்ன இருக்குன்னு பிரிச்சுப் பாக்கலாம். விமானம் எப்படிப் பறக்கணுங்கறதை ஜேஎஸ்பிசிம்ங்கற பகுதி ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல இருந்து படிச்சுக்கும். இறக்கைப் பரப்பு 28 சதுர மீட்டர், அகலம் 9 மீட்டர், எடை, உந்துவிசை, காத்து எவ்வளவு தடுக்கும்னு ஒரு அட்டவணை. அந்த அட்டவணை மட்டும் என்னோட உத்தேசம்.

703-ஓட எண்ணைப் போட்டுப் பறந்தா, மாருத் ஒலி வேகத்துக்குப் பக்கத்துல போய் மூச்சு வாங்குது. மூக்கைக் கீழ குத்தினா தான் தாண்டுது. சும்மா பாப்போமேன்னு உந்துவிசை வரியில மட்டும் 3,700 போட்டேன். நேராப் பறக்கும்போதே வெண்ணெய்ல கத்தி மாதிரி தாண்டிப் போச்சு. ராத்திரி ஒண்ணரை மணி. சந்தோஷமே வரல. இத்தனை வருஷம் இத்தனை பேர் போராடினது ஒரு ஃபைல்ல ஒரே ஒரு வரி. கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்.

ஆனா எண்ணை எல்லாம் புஸ்தகத்துல தேடி எடுத்துடலாம். புஸ்தகத்துல இல்லாத சமாசாரம் நிறைய இருக்கு. எங்க மயிலாப்பூர் அபார்ட்மெண்ட்ல கீழ் வீட்டு மாமா எச்.ஏ.எல் இஞ்சின் பிரிவுல இருந்து ரிட்டயர் ஆனவர், எண்பது தாண்டியாச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை நான் சிமுலேட்டர்ல ஜி.91-ஐ ஓட விட்டிருக்கேன், மாமா பேப்பர் வாங்க மேல வந்தார். வாசல்லயே நின்னுட்டார்.

"ஏண்டா அம்பி, ஆர்ஃபியஸ் சத்தம் மாதிரி இருக்கே?"

இத்தாலி விமானம் மாமான்னு சொல்லிட்டு, இதே சத்தத்தை ரெண்டா ஆக்கி மாருத்துக்குப் போடலாம்னு இருக்கேன்னேன். தலையை ஆட்டினார். "ரெட்டை போட்டா ஆச்சா? ரெண்டும் ஒரே சுத்துல ஓடாதுடா. ஒண்ணு இம்மி முன்ன பின்ன இருக்கும். அது காதுல அலை அலையா வரும்."

வலது இஞ்சின் சுத்தைத் துளி குறைச்சேன். ஸ்பீக்கர்ல ஊங்... ஊங்...னு அலை வந்துச்சு. மாமா கண்ணை மூடிண்டு, விரலால நாற்காலி கையில தாளம் போட்டுண்டே ரொம்ப நேரம் கேட்டுண்டிருந்தார். அவர் சொன்ன இந்த விஷயத்தை நான் எந்தப் புஸ்தகத்துலயும் பாக்கல.

1990-க்குள்ள எல்லா மாருத்துக்கும் ஓய்வு குடுத்தாச்சு. 71-ல அதை ஓட்டினவங்க, ரிப்பேர் பாத்தவங்க எல்லாம் இப்ப எழுபதுகளோட கடைசியில, எண்பதுகள்ல இருப்பாங்க. கம்பியை இழுத்தா எவ்வளவு கனமா இருக்கும், நாலு பீரங்கியும் சுட்டா காக்பிட் எப்படி அதிரும், எந்த விளக்கு அடிக்கடி பொய் சொல்லும்னு அவங்களுக்குத் தான் தெரியும். கோட்டூர்புரத்துல அளவு பாத்து வெளித்தோற்றத்தைச் செஞ்சுடலாம். இதெல்லாம் அந்த மனுஷங்க கிட்ட மட்டும் தான் இருக்கு.

அதனால மக்களே, தாம்பரமோ, பெங்களூரோ, உங்க வீட்டுலயோ தெருவுலயோ விமானப்படை, எச்.ஏ.எல் தாத்தா யாராவது இருந்தா ஒரு சாயங்காலம் பக்கத்துல உக்காருங்க. போன்ல ரெகார்டரை ஆன் பண்ணிட்டு அவரைப் பேச விடுங்க. மாருத்னு இல்ல, நாட், எச்.டி-2, எதுவா இருந்தாலும் சரி. பின்னூட்டத்துல ஒரு வரி போடுங்க, கேள்விகளை நான் அனுப்பறேன்.

மாமாவுக்கு இந்த ஞாயித்துக்கிழமை டேக்-ஆஃப் காட்டறதா சொல்லியிருக்கேன். லேண்டிங் கியர் இன்னும் பாதில தான் நிக்குது, போய் அதைப் பாக்கணும். வர்ட்டா?