ஊளையும் எண்ணிக்கையும்

எண்ணுதல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கணக்கிடுதல் ஒன்று, சிந்தித்தல் மற்றொன்று. சிந்தியாமல் கணக்கிடுவோரும் பிழைபடுவர். கணக்கிடாமல் சிந்திப்போரும் பிழைபடுவர். இவ்வுண்மையை எனக்குத் தெளிவாகக் காட்டியவை, வட அமெரிக்காவில் வாழும் கயோட்டி என்னும் விலங்கைப் பற்றி நான் படித்த செய்திகளே ஆகும்.

கயோட்டி நம் நாட்டுக் குள்ளநரிக்கு நெருங்கிய உறவினது. 1823ஆம் ஆண்டில் தாமசு சே என்னும் இயற்கை நூலறிஞர், ‘குரைக்கும் நாய்’ எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை அதற்குச் சூட்டினார். முற்காலத்தில் பெரும்பாலும் மேற்குப் புல்வெளிகளில் திரிந்த இவ்விலங்கு, இன்று ஹவாய் நீங்கலாக அமெரிக்க ஒன்றிய நாட்டின் எல்லா மாநிலங்களிலும் பரவியுள்ளது. சிக்காகோ போன்ற பெருநகரங்களிலும் அது குடிபுகுந்து வாழ்கின்றது.

‘ஒரு சதுர மைலில் எத்தனை கயோட்டிகள் உள்ளன?’ கேட்பதற்கு எளிய வினா இது. ஆயினும், இதன் விடையைப் பொறுத்தே பல உயிர்கள் வாழ்வதும் மாள்வதும் அமைகின்றன. ஆடு வளர்ப்போர் கயோட்டியால் குட்டிகளை இழக்கின்றனர். அவர்தம் துயரம் மெய்யானது. அதனால் ஆண்டுதோறும் பல்லாயிரம் கயோட்டிகள் கண்ணியாலும் துப்பாக்கியாலும் கொல்லப்படுகின்றன. எண்ணிக்கையை மிகுத்துக் கூறினால் வீண்கொலை பெருகும். குறைத்துக் கூறினால் மந்தையுடையோர் துணையின்றி நிற்பர். இரு பாலார்க்கும் நீதி வேண்டுமாயின், முதலில் நேர்மையான கணக்கு வேண்டும்.

அக்கணக்கிற்கு நம் செவியை நம்பலாமா? கயோட்டியின் ஊளையை ஒலிப்பதிவில் நான் கேட்டிருக்கிறேன். ஒன்றின் குரல் எங்கே முடிகிறது, மற்றொன்றின் குரல் எங்கே தொடங்குகிறது எனப் பிரித்தறிதல் அரிது. ஒவ்வொன்றும் தன் குரலை விரைந்து மாற்றிக்கொண்டே இருக்கும். அவ்வொலி குன்றிலும் மரத்திலும் மோதித் திரும்பும். ஆகவே, இரண்டு விலங்குகளின் ஊளை ஒரு பெருங்கூட்டத்தின் முழக்கம் போலத் தோன்றும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பர்; அரண்டவன் செவிக்கும் அது பொருந்தும்.

இதனை உணர்ந்த அறிஞர், அச்சத்தின் கணக்கை விடுத்துச் சான்றின் கணக்கைத் தேடினர். 1970ஆம் ஆண்டை அடுத்து, மேற்கு மாநிலங்களில் ஒரு முறை கையாளப்பட்டது. பாதையோரத்தில், குறித்த இடைவெளிதோறும், சலித்த மண்ணை ஏறத்தாழ ஒரு மீட்டர் அகல வட்டமாகப் பரப்புவர். நடுவில் மணப்பொருள் ஒன்றை வைப்பர். மணத்தை நாடி வரும் விலங்கின் அடிச்சுவடு மண்ணில் பதியும். எத்தனை வட்டங்களில் சுவடு உள்ளது என்பதை மறுநாள் காலை குறித்துக்கொள்வர். ஆனால், ஒரே கயோட்டி ஐந்து வட்டங்களை மிதித்திருக்கவும் கூடும். ஆதலின், சென்ற ஆண்டைவிட இவ்வாண்டில் பெருகினவா, குறைந்தனவா என்பதற்கே இம்முறை குறிப்புத் தரும். ‘எத்தனை’ என்பதற்கு விடை தாராது.

‘எத்தனை’ என்பதற்கு விடை காணப் பிறிதொரு வழி பிறந்தது. நாம் முகஞ்சுளித்து விலகிச் செல்லும் எச்சமே அதற்குச் சான்றாயிற்று. எச்சத்தில் கலந்துள்ள மரபணுவைக் கொண்டு, அதை இட்ட விலங்கு இன்னதெனத் தனித்தனியே அறியலாம். லாசு ஏஞ்சலிசு நகரை அடுத்த சாந்தா மோனிக்கா மலைகளில் இவ்வாறு கயோட்டிகளைக் கணக்கிட்ட ஆய்வு 1999இல் வெளிவந்தது.

இத்தகைய சான்றுகளைக் கொண்டு கணக்கிடும் எளிய முறை ஒன்றைக் காண்போம். முதல் முறை திரட்டிய எச்சங்களால் 20 கயோட்டிகள் அறியப்பட்டன என்று கொள்வோம். மறுமுறை 15 கயோட்டிகள் அறியப்பட்டன. அவற்றுள் 5 முன்னரே அறிந்தவை. பதினைந்தில் ஐந்து என்பது மூன்றில் ஒரு பங்கு. ஆகவே, முதலில் அறிந்த இருபதும் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்காக இருக்கலாம். மொத்தம் 60 என மதிப்பிடலாம்.

கணக்கு அழகியதே. ஆனால், இயற்கை நம் கணக்கிற்கு அடங்கி நிற்பதில்லை. இளவேனிலில் ஒவ்வோர் ஈற்றிலும் சராசரியாக ஆறு குட்டிகள் பிறக்கும்; எனவே பிப்ரவரித் திங்களின் கணக்கு சூன் திங்களுக்குப் பொருந்தாது. எல்லைக்கோட்டின் இருபுறமும் திரியும் விலங்கை எப்பக்கத்தில் சேர்ப்பது? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. பானையில் எல்லா அரிசியும் ஒரே நீரில், ஒரே தீயில் வேகும். நிலமோ அத்தகையது அன்று. முயல் மிகுந்த பள்ளத்தாக்கில் கயோட்டி மிகும். வறண்ட மேட்டில் அருகும். ஆதலின், ஓரிடத்தைக் கண்டு நாடு முழுவதையும் அளத்தல் ஆகாது.

1972இல் நவுல்ட்டன் என்னும் அறிஞர், கயோட்டி வாழும் பெரும்பரப்பில் சதுர மைலுக்கு அரை முதல் ஒன்று வரை இருத்தல் பொருந்தும் என எழுதினார். அரைக் கயோட்டியும் உண்டோ என மாணவர் நகைக்கலாம்! இரண்டு சதுர மைலுக்கு ஒன்று என்பதே அதன் பொருள். கணக்கிற்கு விடை ஒன்றே எனப் பயின்ற எனக்கு, ‘அரை முதல் ஒன்று வரை’ என்னும் அவ்விடை பெரிதும் இன்பம் தந்தது. அறியாமையால் எழுந்த தடுமாற்றம் அன்று அது. அறிந்ததன் எல்லையை அறிந்தவரின் அடக்கம்.

மாணவர்களே, நாள்தோறும் எத்தனையோ எண்கள் நம் செவியில் விழுகின்றன. அவற்றை ஏற்குமுன், ‘எங்கே எண்ணினர்? எப்பொழுது எண்ணினர்? எவ்வாறு எண்ணினர்?’ என்னும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். ஊளையைக் கேட்டு ஊரை அஞ்சச் செய்வது எளிது. சுவட்டைத் தேடிப் பொறுமையுடன் நடப்பது அரிது. அரியதைச் செய்வாரே உண்மைக்கு அணியராவர்.