புரூக்ளினில் ஓர் அத்திமரம்

நியூயோர்க் நகருக்குச் செல்வோர் பெரும்பாலும் வானளாவிய மாடங்களையும் சுதந்திர தேவியின் சிலையையும் கண்டு வியந்து மீள்வர். நாமும் அவற்றைக் கண்டோம். ஆயினும், ஊர் திரும்பிய பின்னரும் எம் நெஞ்சை விட்டகலாது நிற்பது, புரூக்ளின் பகுதியிலே ஒரு சிறிய வீட்டின் பின்வளவில் நாம் கண்ட அத்திமரமேயாகும்.

2024 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஆசிரியர் கூட்டமொன்றின் பொருட்டு அந்நகரிலே தங்கியிருந்தோம். அங்கு எமக்கு நண்பரான ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர், "ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வாருங்கள். குளிர் வருமுன் அம்மம்மாவின் மரத்துக்கு ஆடை கட்டவேண்டும்" என்று அழைத்தார். மரத்துக்கும் ஆடையா என்று வியந்தோம். அவர் சிரித்துவிட்டு, "முதலில் அம்மம்மா வந்திறங்கிய இடத்தைப் பாருங்கள், பின்னர் மரத்தைப் பார்க்கலாம்" என்றார்.

அவ்வாறே சனிக்கிழமையன்று படகேறி எல்லிஸ் தீவுக்குச் சென்றோம். 1892 முதல் 1954 வரை ஏறக்குறைய ஒரு கோடியே இருபது இலட்சம் மக்கள் இத்தீவின் வாயிலாகவே அமெரிக்காவுட் புகுந்தனர். 1990 முதல் அவ்விடம் நூதனசாலையாக விளங்குகின்றது. வளைந்த கூரையுடைய அப்பெருமண்டபத்திலே, வைத்தியர்கள் வந்தோரை நோக்கி, நோய்க்குறி தென்பட்டவரின் உடையிலே சுண்ணக்கட்டியால் ஓர் எழுத்தை இடுவது வழக்கமாம். நண்பரின் அம்மம்மா சிசிலித் தீவின் ஒரு கிராமத்திலிருந்து 1920 இல், தம் பன்னிரண்டாம் வயதில், தாயாருடன் வந்தவர். தகப்பனார் முன்னரே வந்து கட்டட வேலையில் இருந்தார். இடையிலே உலகப் போர் மூண்டமையால் குடும்பம் பிரிந்திருந்தது. "சுதந்திர தேவியின் சிலை அம்மம்மாவுக்கு நினைவில்லை. தாயாரின் மேலங்கியில் அந்தச் சுண்ண எழுத்து விழுந்துவிடுமோ என்ற அச்சம் மாத்திரமே இறுதிவரை நினைவிருந்தது" என்றார் நண்பர்.

1880 முதல் 1924 வரை நாற்பது இலட்சம் இத்தாலியர் வரையில் அமெரிக்கா சென்றனர். அவர்களிற் பெரும்பாலோர் தென்னித்தாலியையும் சிசிலியையும் சேர்ந்த ஏழைக் குடியானவர். 1921 ஆம் ஆண்டுச் சட்டமும் 1924 ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாயிலை ஏறக்குறைய அடைத்துவிட்டன. ஓராண்டு பிந்தியிருப்பின் அச்சிறுமி வந்திருப்பாரோ என்பதே ஐயம்.

பள்ளிப் படிப்பு நீளவில்லை. இளவயதிலேயே தையல் ஆலைக்குச் சென்றார். அவருடைய தாயார் அதற்கு இலகுவில் இசையவில்லை. காரணம், 1911 மார்ச் 25 ஆம் நாள் நியூயோர்க்கின் டிரையாங்கிள் ஆடை ஆலையில் மூண்ட தீயிலே 146 பேர் மாண்ட செய்தி அக்காலத்தும் மறக்கப்படவில்லை. மாண்டோர் பெரும்பாலும் யூத, இத்தாலிய இளம் பெண்கள். வெளியேறும் கதவொன்று பூட்டப்பட்டிருந்தது. "எந்த மண்டபத்துக்குட் சென்றாலும் அம்மம்மா முதலிற் கதவு திறக்குமா என்றே பார்ப்பார்" என நண்பர் கூறினார்.

மறுநாள் மன்ஹட்டன் பாலத்தைக் கடந்து செல்லும் றெயிலிலே பென்சன்ஹேர்ஸ்ட் என்னும் பகுதியை அடைந்தோம். ஒருகாலத்தில் இத்தாலியரே நிறைந்திருந்த தெருக்களில் இன்று சீன எழுத்துப் பலகைகள் மிகுந்துள்ளன. வீட்டு வாயிலிலேயே தக்காளிக் குழம்பின் மணம் எம்மை வரவேற்றது. ஞாயிறுதோறும் பல மணிநேரம் மெல்லிய தீயிற் காய்ச்சுவது அவர்கள் வழக்கம். வழமையாக அதில் இறைச்சி சேரும். நாம் சைவ உணவினர் என்பதால் நண்பரின் மனைவியார் வேறொரு பாத்திரத்திலே எமக்கெனத் தனியாகக் காய்ச்சியிருந்தார். அதிலிட்ட இலையை முகர்ந்தபோது எமது ஊர்த் திருநீற்றுப்பச்சை நினைவுக்கு வந்தது. இரண்டும் ஓரினமே என்பதறிந்து மகிழ்ந்தோம்.

உண்டபின் பின்வளவுக்குச் சென்றோம். இலையுதிர்ந்த அத்திமரம் எம் தலைக்கு மேல் உயர்ந்து நின்றது. வெயில் நாட்டு மரமாதலின் அந்நாட்டுக் கடுங்குளிரிற் கிளைகள் கருகிவிடும். ஆகவே கிளைகளை மேல்நோக்கி அணைத்துக் கயிற்றாற் கட்டி, பழைய கம்பளிகளையும் சாக்குகளையும் சுற்றி, மழைநீர் உட்புகாதவாறு உச்சியில் ஒரு வாளியைக் கவிழ்த்துவிடுகின்றனர். புரூக்ளின் வாழ் இத்தாலியர் பலரின் வளவுகளில் இக்காட்சியைக் காணலாமாம். நாமும் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தோம்.

கட்டிக்கொண்டிருக்கையில் நண்பர் ஒரு செய்தி கூறினார். 1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியதும், குடியுரிமை பெறாத இத்தாலியர் ஆறு இலட்சம் பேர் பகைநாட்டாராகக் கருதப்பட்டனர். அம்மம்மாவும் அவர்களுள் ஒருவர். விரலடையாளம் இட்டு, படமொட்டிய அடையாளப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்க நேர்ந்தது. அவ்வேளையில், புரூக்ளினிற் பிறந்த அவருடைய தம்பியோ அமெரிக்கப் படையிலே போர்வீரன்! பகைவரின் மொழியைப் பேசாதீர் என்று சுவரொட்டிகள் அறிவுறுத்தின. அன்று தொடக்கம் அம்மம்மா தம் ஆறு வயது மகளோடு தமக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்திலேயே பேசினார். 1942 அக்டோபர் 12 ஆம் நாள் அரசாங்கம் அந்தப் பட்டத்தை நீக்கியது. ஆயினும் வீட்டை விட்டுப் போன மொழி மீண்டும் வரவில்லை.

"மரத்தோடு மாத்திரம் தம் மொழியிற் பேசுவார். இப்படிக் கயிறு கட்டும்போது நான் அருகில் நின்று கேட்டிருக்கிறேன். என்ன சொல்கிறீர்கள் என்று ஒருநாளும் கேட்கவில்லை. 1996 இல் அவர் இறந்தபோது எனக்கு முப்பத்தேழு வயது. முதியோரிடம் கேட்டறிந்து வாருங்கள் என்று மாணவருக்கு ஆண்டுதோறும் பாடம் சொன்னவன் நான்" என்றார். அவர் அறிந்த சிசிலிச் சொல் ஒன்றே. அத்தியை அம்மம்மா 'ஃபீக்கு' என்பாராம்.

நாம் மறுமொழி கூற இயலாது கயிற்றை இறுக்கினோம். எம் பாட்டியார் வேலியோரம் நின்று தமக்குள்ளே பாடிய பாட்டின் பொருளை நாமும் கேட்டறிந்தவரல்லேம்.

சென்ற ஏப்ரிலில் நண்பரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆடையை அவிழ்த்தபோது கிளைகளிற் பச்சை அரும்பு தோன்றியிருந்ததாம். தம் பேத்தியை அருகில் நிறுத்தி அந்த ஒரு சொல்லைக் கற்பித்தாராம். அம்மம்மாவைப் பற்றி அவள் கேட்ட கேள்விகளுக்கு மாலைவரை விடை கூறினாராம்.

வீட்டிலே முதியோர் உள்ள வாசகர்கள் இன்று மாலையே அவர்கள் அருகில் அமர்ந்து ஒன்று கேட்பாராயின், நாம் இதனை எழுதியதன் பயன் நிறைவேறியதாகும்.