பறந்துபோன கூட்டம்

பத்திரிகைத் தொழில்தான் 2009இல் என்னைச் செட்டிகுளத்துக்குக் கொண்டுவந்தது. மெனிக் பாம் முகாமில், முட்கம்பி வேலிக்குள் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அடைபட்டிருந்தனர். வேலிக்கு வெளியே நின்று கண்டதை எழுதினேன். அச்சில் வந்தது பாதி. மீதிப் பாதியின் கடன் என்னை இந்த ஊரிலேயே இருத்திவிட்டது.

2012 செப்டெம்பரில் முகாமை மூடினார்கள். இன்று என் வளவில் மூன்று தேனீப் பெட்டிகள். பாலையும் வீரையும் பூத்தால் அடைகள் கனக்கும். ஆனால் நம் நாட்டுத் தேனீ மானமுள்ள பிராணி. பூ அற்றுப் பசி வந்தாலோ, எறும்பு புகுந்தாலோ, ராணியோடு கூட்டம் முழுவதும் எழுந்து போய்விடும். பெட்டிக்காரனின் அனுமதியைக் கேட்பதில்லை!

முதற்கூட்டம் அப்படிப் போன காலையில் நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். முகாமில் இருந்து மீண்ட அயல்வீட்டு அம்மா சிரித்தார்.

“போகட்டும் தம்பி. அதுகளாவது கேளாமல் போகுதுகள்.”

இப்போது அவரிடமும் இரண்டு பெட்டிகள் உள்ளன. எங்கள் கவலை வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து. தேனீ கூடு திரும்பிய பின், மாலையில் அடிக்குமாறு வீடுவீடாகக் கேட்டு வருகிறோம். நால்வர் இசைந்துவிட்டனர். ஐந்தாமவர் என்னைப் படலையிலேயே திருப்பி அனுப்பினார்.

நாளை அந்த அம்மா போகிறார்.