அங்கோர்வாட்: மதிலுக்குள் மறைந்திருந்த குடியிருப்பு

கம்போடிய நாட்டின் சியெம் ரீப் நகருக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது அங்கோர்வாட் ஆலயம். 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கென எழுப்பிய பெருங்கோயில் இது. ஏறத்தாழ 190 மீட்டர் அகலமுள்ள அகழியைக் கடந்து மேற்கு வாயிலில் நுழைவோரின் கண்கள் நேரே நடு விமானத்தை நாடும். பாற்கடல் கடையும் காட்சியைச் செதுக்கிய நெடுஞ்சுவரின் முன் கால்கள் தாமே நின்றுவிடும். நடைபாதையின் இருமருங்கிலும் அடர்ந்துள்ள மரங்களின் பக்கம் திரும்பிப் பார்ப்போர் சிலரே.

அம்மரங்களின் கீழுள்ள நிலமோ சமமானதன்று. இங்கொரு தாழ்ந்த மேடு, அதனருகே ஒரு பள்ளம் எனத் தொடர்கிறது. 2012ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் ஹெலிகாப்டரிலிருந்து லேசர் கதிர்களைக் கீழே செலுத்தி அப்பகுதி முழுவதையும் அளந்தனர். இலைகளின் இடைவெளியில் புகுந்து தரையைத் தொட்டுத் திரும்பிய கதிர்கள் நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டின. ஒவ்வொரு புள்ளியும் எவ்விடத்தது என்பதைச் செயற்கைக்கோள் வழிகாட்டுதல் உறுதிசெய்தது. கணினியில் மரங்களை நீக்கிப் பார்த்தபோது, கோயில் மதிலுக்குள் நேர்கோட்டுத் தெருக்களும், வரிசை வரிசையாக மேடுகளும், அவற்றை ஒட்டிய சிறு குளங்களும் புலப்பட்டன.

நிலத்தினுள் அலைகளை அனுப்பிப் பார்க்கும் ராடார் கருவியும் அங்கே பயன்பட்டது. மேற்கு வாயிலருகே, புதைந்துபோன கோபுரங்களின் அடித்தளங்களை அது காட்டிக்கொடுத்தது. மேடுகளில் அகழ்ந்தபோது மட்பாண்டச் சில்லுகளும் சமையல் நடந்ததற்கான அடையாளங்களும் கிடைத்தன. மக்கள் குடியிருந்த இடங்களே அவை என்பது தெளிவாயிற்று.

கெமர் நாட்டில் கற்கட்டடம் தெய்வத்திற்கே உரியது. அரசனின் மாளிகைகூட மரத்தால் ஆனதே. ஆகவே கோயில் நிலைத்தது. அதைச் சூழ்ந்து வாழ்ந்தோரின் மரவீடுகள் மக்கி மறைந்தன. அம்மேடுகளில் வாழ்ந்தவர்கள் கோயிற்பணி செய்தோராக இருக்கலாம் என அறிஞர்கள் கருதுகின்றனர். எந்தப் பெருங்கோயிலிலும் பூசை நடைபெற வேண்டுமாயின், நீர் சுமப்போர், மாலை கட்டுவோர், அமுது சமைப்போர், பிராகாரம் பெருக்குவோர் எனப் பலர் வேண்டும். கல்லில் பொறிக்கப்பட்டது மன்னனின் பெயர். இவர்களுக்கென எஞ்சியவை ஒரு மண்மேடும் ஒரு சிறு குளமுமே.

இன்று அங்கோர்வாட் பௌத்தர்களின் வழிபாட்டுத் தலமாகவும் விளங்குகிறது. எனினும் மேற்கு வாயிலில் எட்டுத் திருக்கரங்களுடன் நிற்கும் திருமாலுக்கு அவ்வூர் மக்கள் இன்றும் ஊதுவத்தி ஏற்றி வணங்குகின்றனர். அங்குச் செல்லும் அடியார்கள் அப்பெருமானைத் தொழுதபின், மரநிழலில் கிடக்கும் அம்மேடுகளையும் ஒரு கணம் நோக்குதல் நன்று. பெயர் தெரியாத தொண்டர்களின் இல்லங்கள் அவை. நம் ஊர்க் கோயிலில் விடியுமுன் வந்து வாசல் தெளிப்பவரின் பெயரையேனும் கேட்டறிய வேண்டும் என்ற எண்ணம் அப்போது உள்ளத்தில் எழாமற்போகாது.