குடிகாரன் பாட்டும் மனைவி பாட்டும்

தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் மண், சித்தூர். 1911இல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்தது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து கேட்டு வளர்ந்த ஊர்கள் இவை. கூத்து மேடையிலும் சினிமா மெட்டிலும் குடிகாரன் வந்தால் சிரிப்புதான். தள்ளாடுவான், தத்துவம் பேசுவான், கைதட்டல் வாங்குவான். அவன் வீட்டில் உலை கொதித்ததா என்று பாட்டு கேட்பதில்லை.

கேட்டவர்கள் பெண்கள். நெல்லூர் மாவட்டத்தில் எழுத்தறிவு இயக்கக் கலைக்குழுக்கள் பாட்டோடு ஊர் ஊராகச் சென்றன. சாராயத்தை எதிர்த்த பெண்களின் கதையைச் சொன்னது, 'சீதம்மா கதை' என்ற பாடம். 1992இல் தூபகுண்டாவில் மூண்ட போராட்டம் சித்தூருக்கும் பரவியது. கடைக்குப் போன கூலி, வெறும் பானை, அடி உதை என்று மனைவியின் கணக்கு பாட்டாயிற்று.

1993 அக்டோபரில் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995 ஜனவரியில் என்.டி. ராமராவ் முழு மதுவிலக்கு கொண்டுவந்தார். மாமனார் போட்ட சட்டத்தை 1997இல் மருமகன் தளர்த்தினார். அந்த மருமகன் சந்திரபாபு நாயுடு பிறந்த நாராவாரிபள்ளி, திருப்பதிக்குப் பக்கம்தான்.

திருமலைக்கு மது கொண்டு போகக் கூடாது, அலிபிரியிலேயே சோதனை. மலையடிவாரத்துக்கு இப்பால் அந்தத் தடை இல்லை. மேடைக் குடிகாரன் இன்றும் சிரிக்க வைக்கிறான். அந்தப் பெண்களின் பாட்டுக்கு இன்னும் வேலை இருக்கிறது.